கீரப்பாளையத்துப் பெண்களுக்கு நான் கதை சொன்ன வெள்ளைக்காரப் படம்

4-8-2024, ஞாயிறு

காலையில் வஞ்சிரம் வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் மீன்காரர் எழுந்து நின்றார். (கால் மரத்துப்போயிருக்கும் என்கிறாள் சந்திரலேகா. என் மனைவிக்கு என் செல்வாக்கு பிடிக்காது.)

மதியம் அக்கா மகள் வினோதினி சிதம்பரத்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். முகம் வாடியிருந்தது. அவள் நடத்தும் திரைப்பட மன்றத்துக்கு ஆளே வருவதில்லையாம். "பதினேழாம் தேதி நாப்பது பேராவது கடைசிவரைக்கும் உக்காந்து பாக்கணும். இல்லன்னா படம் போடுற ரூம்ல கம்ப்யூட்டர் போட்டுடுவோம்" என்று துறைத்தலைவர் ஞானசேகரன் சொல்லிவிட்டாராம். கீரப்பாளையத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களை அழைத்திருக்கிறாள். படமோ இங்கிலீஷ்.

"யாராவது பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னாத்தான் மாமா உண்டு."

"யாராவது எதுக்கு? கடலூர் தியேட்டர்ல இருவது வருஷம் இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொன்னவன் நானு" என்றேன்.

தியேட்டரில் இருபது வருஷம் இருந்தது சத்தியம். சைக்கிள் ஸ்டாண்டும் தியேட்டர் காம்பவுண்டுக்குள்தானே இருந்தது?

6-8-2024

படத்தைப் போனில் பார்த்தேன். உலகப் போர் முடிந்து சில வருஷத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதற்கும் அறுபது வருஷம் முன்னால் லண்டனில் மேடையில் ஓடிய சிரிப்பு நாடகமாம். அதனால்தான் எல்லாரும் ஒரே கூடத்தில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தரும் ஒருத்தரை அடிக்கவில்லை. இதில் எங்கே சிரிப்பது?

9-8-2024

நாலு தடவை பார்த்தாயிற்று. எனக்கு விளங்காத இங்கிலீஷ் கிடையாது. இவர்கள்தான் தெளிவாகப் பேசவில்லை.

கதை பிடிபட்டுவிட்டது. பெரிய பங்களா. அந்த வீட்டம்மா தலையில் குடை அளவுக்குத் தொப்பி. அவள் மகளைக் கட்டிக்கொள்ள ஒரு பையன் வருகிறான். அந்தம்மாவை அவன் 'ஆன்ட்டி' என்கிறான், அத்தை போலிருக்கிறது. ஆக, அத்தை மகள். முறைப்பெண்! இதைவிட என்ன வேண்டும்?

14-8-2024

கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். "ஏங்க, யார்கிட்ட சண்டை?" என்று சந்திரலேகா கரண்டியோடு ஓடி வந்தாள்.

18-8-2024, ஞாயிறு

நேற்று ஐந்நூறு பேர். சரி, நாற்பத்து மூன்று. வினோதினி எண்ணிவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் என் ராஜாங்கம்தான். "அத்தை மவளக் கேட்டு வந்திருக்கான் பாருங்க" என்றதும் படம் அவர்கள் வீட்டு விஷயமாகிவிட்டது. தொப்பிக்காரி முறைக்கும்போதெல்லாம் முன்வரிசையிலிருந்து ரத்தினம்மாள் என்ற அம்மா, "பொண்ணக் குடுக்க எப்படி வலிக்குது பாரு அவளுக்கு" என்று திட்டித் தீர்த்தார்.

அப்புறம் ஒரு வக்கீல் வந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய ஓவியத்தைக் காட்டினான். அதில் இரண்டு ஆண்கள், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஒருத்தரைக் காட்டிவிட்டுப் பையனைக் காட்டினான். இன்னொருத்தரைக் காட்டிவிட்டுப் பெண்ணைக் காட்டினான். போனில் பார்த்தபோது அந்த மூக்கு எனக்குத் தெரியவேயில்லை.

ரத்தினம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏய், அப்பனுங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி! அப்ப இவ சித்தப்பா மவ. தங்கச்சியையா கட்டப்போறான்? எழுந்திரிங்கடி, போலாம்!"

நாற்காலிகள் நகர்ந்தன. பின்னால் ஞானசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வினோதினி சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எனக்கு!

"உக்காருங்கக்கா! அந்தப் பொண்ணு அந்த வீட்ல பொறக்கவே இல்ல. கப்பல்ல கெடந்தத எடுத்து வளத்தாங்க."

"எடுத்து வளத்தாலும் தங்கச்சி தங்கச்சிதான்யா."

"அவசரப்படாதீங்க. பையனும் எடுத்து வளத்தவன்தான். அது வேற கப்பல்!"

"அப்ப அந்தக் குடும்பத்துல ஒருத்தருமே சொந்தமாப் புள்ள பெக்கலியா?"

"எங்கக்கா நேரம்? பொழுதன்னைக்கும் டீ குடிச்சிக்கினு கெடக்குறாங்களே!"

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மின்விசிறியே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரையில் தொப்பிக்காரி இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். அதற்கு மேல் நான் எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கோப்பையைத் தொட்டாலே சிரித்தார்கள். ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதும் ரத்தினம்மாள் திரையைப் பார்த்து நெட்டி முறித்தார்.

ஒருத்தரும் பாதியில் போகவில்லை.

20-8-2024

வினோதினி போன் செய்தாள். அறை மன்றத்துக்கே என்று கையெழுத்தாகிவிட்டது. மாதம் ஒரு படம். கதை சொல்ல நான்தான் வேண்டும் என்று கீரப்பாளையமே கேட்கிறதாம். (ரத்தினம்மாள் கேட்டாராம்.)

25-8-2024, ஞாயிறு

வினோதினி வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"படத்துல கப்பலே இல்ல மாமா. அவுங்க ஊர்ல சித்தப்பா மவளயும் கட்டிக்குவாங்க. அது அவுங்களுக்குத் தப்பில்ல."

"எனக்குத் தெரியாதா? ஜனங்களுக்காகச் சொன்னேன்."

"சரி மாமா" என்று என் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். வண்டி கிளம்பும் நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன். "அடுத்த படத்த எனக்கு ஒரு தரம் வரிவரியா சொல்லிக்குடும்மா."

"வெள்ளிக்கெழம வர்றேன் மாமா" என்றாள், ஏதோ எப்போதும் வருகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை வினோதினிக்கு நான் பாடம் எடுக்கப்போவதாகச் சந்திரலேகாவிடம் சொல்லியிருக்கிறேன்.