பின்சீட்டின் நீளம்

ஐப்பசி 3, ஞாயிறு

வெள்ளனே இருந்து சாரல். பூண்டு நடவு பாதியில கெடக்கு. துவைச்ச துணி மூணு நாளா காயல.

லைசென்ஸ் வந்து இருபது நாளாச்சு. முப்பத்தொரு வயசுல இந்தக் கொடைக்கானல் மலைப் போளூர்ல கார் ஓட்டப் போற முதல் பொம்பள நான்தானாம். டீக்கடையில பேச்சு. பேசட்டும். அவங்களுக்கு வேற என்ன சோலி.

கார் இல்லாம இனிமே ஆகாது. அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ஒன்றரை வருஷம். மதுரையில ரெண்டு செக்கப் தவறிப்போச்சு. பஸ்ஸுல அத்தனை வளைவு தாங்காது, மயக்கம் வருது. வாடகைக் கார்னா ஏறவே மாட்டாரு. போன தை மாசம் அம்மா போனதுலேர்ந்து அடுத்தவன் வண்டின்னா முகத்தத் திருப்பிக்கிடுறாரு. இப்ப வரப்புல பத்தடி நடந்தா நிக்கிறாரு. மூச்சு வாங்குது. கேட்டா, "மேகம் எறங்குதான்னு பாத்தேன்"ங்குறாரு. பொய்.

ஐப்பசி 18, திங்கக்கெழம டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. நம்ம வண்டின்னா வாரேன்னு அப்பா வாயால சொல்லிட்டாரு. அதுக்குள்ள அமையணும். அமையலேன்னா மூணாவது தடவையும் போச்சு.

யோகன் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினது (கொடைக்கானல் மெக்கானிக். சிலோன் தோட்டத்துலேர்ந்து வந்த குடும்பம்):
– மலையில ஓடுன வண்டி வேணாம். கிளட்ச் தேஞ்சிருக்கும். கீழ ஓடுனதா பாரு
– ஏத்தத்துல ஹேண்ட்பிரேக் நிக்குதா
– மிதியடியத் தூக்கிப் பாரு. துரு
– கண்ணாடியில ஆவி படிஞ்சா ஊதுற காத்து வேல செய்யுதா
– ஆர்சி புக்குல எத்தன கை மாறியிருக்கு
– உக்காந்தா உனக்கு ரோடு தெரியுதா (நான் குள்ளமாம். தெரியும்யா.)

ஐப்பசி 6, புதன்

கொடைக்கானல். மஞ்சு. பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல.

வெள்ளக் கார். ரிட்டயர்டு டீச்சர் வீடு. மகன்கிட்ட போறாங்களாம், அதான் விக்கிறாங்க. ஒரே கை. கீழ வத்தலக்குண்டுப் பக்கம் ஓடினது. துரு இல்ல. உக்காந்தேன், ரோடு தெரியுது, கிளட்ச் வெண்ணெ. யோகன் அண்ணன் மூடியத் திறந்து பாத்துட்டு, "நல்ல வாகனம் தங்கச்சி, விட்டுறாத"ன்னாரு.

அப்பா பாத்தி அளக்குற கோலக் கையில கொண்டாந்திருந்தாரு. எதுக்குன்னு பஸ்ஸுலயே கேட்டேன், டிக்கெட்ட எடுன்னாரு. பின்கதவத் திறந்து கோல சீட்டு மேல வச்சு அளந்தாரு. டீச்சரம்மா, "என்ன சார் பண்றீங்க?"

"நாலடி சொச்சந்தான். ஆகாது."

அவ்வளவுதான். எறங்கி நடந்துட்டாரு. எனக்கு மானமே போச்சு. பஸ் ஸ்டாண்டுல வச்சு, "பின்சீட்டுல பூண்டா நடப் போறீங்க?"ன்னு கத்திட்டேன். நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. அவரு பஸ்ஸுல ஏறி உக்காந்தாரு. கோல மடியில வச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு. பூம்பாறை தாண்டி ரெண்டு தடவ வாந்தி.

மஞ்சள்தூள், நூல்கண்டு வாங்க மறந்தாச்சு.

ஐப்பசி 9, சனி

பள்ளங்கியில செவப்புக் கார். மலையிலேயே ஓடினது. ஸ்டார்ட் பண்ணி ஏத்தத்துல எடுத்ததும் கருகின வாடை. யோகன் அண்ணன் மூக்கப் பொத்திக்கிட்டாரு. வேணாம்.

வேணாம்னு ஆன வண்டியையும் அப்பா அளந்தாரு. "ஆகாது."

வீட்டுக்கு வந்து அந்தக் கோலப் பாத்தேன். பாத்திக்கு மூணரை அடியில ஒரு வெட்டு, அது பழசு. அதுக்கு மேல இன்னொரு வெட்டு இருக்கு. நிறுத்திப் பாத்தா என் காதுக்கு வருது. அப்பா உயரம் இல்ல, அவரு ஆறடிக்குப் பக்கம்.

என் காது உயரம் இந்த வீட்டுல ஒரு ஆளுதான் இருந்துச்சு.

கோல இருந்த எடத்துலயே சாத்தி வச்சுட்டேன்.

ஐப்பசி 10, ஞாயிறு

மழை. நடவு இல்ல. கேட்டுட்டேன்.

"அது அம்மா உயரமாப்பா?"

"ஆமா. குழி வெட்டயில அளந்தது."

அப்புறம் அவராவே சொன்னாரு. அம்மாவுக்கு முடியாமப் போன அன்னிக்கு ஆம்புலன்ஸு வேற கேசுக்குப் போயிருந்துச்சு. விடியக்காலம் முட்டக்கோசு ஏத்தின பிக்கப் வண்டியிலதான் கொண்டுபோனோம். முன்னால டிரைவர், அம்மா, அப்பா. பின்னால மூட்டை மேல நான். கண்ணாடியத் தட்டித் தட்டிக் கேட்டேன், அப்பா கையக் காட்டிக்கிட்டே வந்தாரு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு.

பூம்பாறைக்கு முன்னாலயே அம்மா சொல்லியிருக்கு: "செத்த நேரம் படுக்கணும்ங்க. படுத்தா சரியாப் போகும்." படுக்க எங்க இடம்? தோள்ல சாச்சுக்கிட்டாராம். "படுக்கணும், படுக்கணும்"னு மூணு தடவ. அப்புறம் பேச்சில்ல. உசிரு போனது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு கொடைக்கானல் வரைக்கும் உக்காந்த வாக்குலயே புடிச்சுக்கிட்டு வந்திருக்காரு.

"இன்னொருத்தரு நம்ம வண்டியில படுக்கணும்னு கேட்டா எடம் இருக்கணும் தாயி. அவ்வளவுதான்."

பத்து மாசமா இத நெஞ்சுக்குள்ள வச்சிருந்திருக்காரு, ஸ்டென்ட் வச்ச அதே நெஞ்சுல. நான் பஸ் ஸ்டாண்டுல பூண்டா நடப் போறீங்கன்னு கேட்டிருக்கேன். சீ.

ஐப்பசி 13, புதன்

வேன் பாத்தோம். பச்சை, பழசு. சீட்ட மடக்கினா ஒரு ஆளு தாராளமாப் படுக்கலாம். அப்பா கோல வச்சாரு, மிச்சமே இருந்துச்சு. பத்து மாசத்துக்கு அப்புறம் அவரு முகத்துல ஒரு இது. சிரிப்புன்னு சொல்ல முடியாது.

யோகன் அண்ணனுக்குப் பிடிக்கல. "முன்னுக்கு ஒன்னுமே இல்ல தங்கச்சி. முட்டுனா ஒன்ட முழங்கால்தான். பிரேக்கும் தூரத்துல புடிக்குது."

அப்பாவுக்காக ஓட்டிப் பாத்தேன். அவரு பின்னால. ஏத்தத்துல ஆஃப் ஆயிருச்சு. கிளட்ச்சு மிதிக்க இடுப்பே சீட்ட விட்டு எந்திரிக்குது. ஹேண்ட்பிரேக் நிக்கல, வேன் பின்னால உருளுது. கீழ இருந்து பஸ்ஸு, ஹாரன் மேல ஹாரன். யோகன் அண்ணன் குதிச்சு எறங்கி டயருக்குக் கல்லு போட்டாரு. நான் ஸ்டியரிங்க விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்.

எறங்கினதும் சொல்லிட்டேன். சொல்லக் கூடாதுதான்.

"அம்மாவுக்கு வண்டி வாங்க முடியாதுப்பா. அம்மா இல்ல. நீங்கதான் இருக்கீங்க. வண்டி அமையாம உங்களையும் நான் உக்காத்தி வச்சு வேடிக்க பாக்கணுமா?"

அவரு வேனுக்குள்ளேர்ந்து கோல எடுத்துக்கிட்டாரு.

ஐப்பசி 14, வியாழன்

வெயில் கொஞ்சம். நடவுக்கு நாலு ஆளு. அப்பா வயலுக்கு வந்தாரு, பாதி வழியில உக்காந்துட்டாரு. தண்ணி கொண்டுபோனேன். வாங்கிக் குடிச்சாரு.

நடவுக்கு வந்த அக்கா: "ஒங்கப்பன் ஒதடு நீலமா இருக்கு, பாத்தியா?"

பாத்தேன். அம்மாவுக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. பயமா இருக்கு. இன்னும் நாலு நாளு.

ஐப்பசி 16, சனி

வெள்ளனே கெளம்பு, அந்த டீச்சரம்மா வீட்டுக்குப் போவோம்னு அவராச் சொன்னாரு. வெறுங்கையோட வந்தாரு.

வண்டி இன்னும் விக்கல. டீச்சரம்மா முகத்தப் பாக்க எனக்குக் கூச்சம். அவங்க காப்பி போட உள்ள போயிட்டாங்க. யோகன் அண்ணன் டயரக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பா பின்கதவத் திறந்து உக்காந்தாரு. செருப்பக் கழட்டினாரு. மெல்ல சாஞ்சு, ஒருக்களிச்சு, கால மடக்கிப் படுத்துட்டாரு. ஆறடி ஆளு. அடங்கிட்டாரு.

அப்படியே கெடந்தாரு. எனக்குப் பதறிப்போச்சு. "அப்பா?"

"உங்கம்மா இப்படித்தான படுப்பா."

ஆமா. மலைக் குளுருல முழங்கால வயித்தோட சேத்துக்கிட்டு, தலையோட போத்திக்கிட்டு. நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் பாத்திருக்கேன்.

"நீட்டிப் படுத்தே நான் பாத்ததில்ல தாயி. குழியிலதான் நீட்டிப் படுத்தா. நான் கிறுக்குப்பய, அத வச்சு அளந்துக்கிட்டுத் திரியுறேன்."

அப்புறம், "இது போதும். அவளுக்கும் போதும்."

யோகன் அண்ணன் எழுந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாரு. முன்பணம் குடுத்தாச்சு, பேரு மாத்துறது அடுத்த வாரம், வண்டிய இப்பவே எடுத்துக்கோங்கன்னாங்க டீச்சரம்மா. திங்கள் காலையில அஞ்சு மணிக்கு மதுரைக்குக் கெளம்பணும்.

நான் சாவியப் போட்டேன். கண்ணு மறைக்குது, ரோடும் தெரியல ஒண்ணும் தெரியல. பின்னாலேர்ந்து அப்பா: "ஏத்தா, அழுதுக்கிட்டு வண்டி எடுக்காத. எறங்கி அழுதுட்டு வா."

எறங்கி நின்னு அழுதேன். கால் மணி நேரம் இருக்கும். நான் திரும்பி வர்ற வரைக்கும் அவரு அந்த சீட்ட விட்டு எந்திரிக்கவே இல்ல, எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு.