தூக்கத்தில் ஏறாத வார்த்தைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். பைக் செயின் தளர்ந்திருக்கிறது. பார்க்க நேரமில்லை.

ஜப்பான் வேலைக்கான மொழித் தேர்வு ரிசல்ட். நான் பாஸ். மச்சான், அக்கா வீட்டுக்காரர், ஃபெயில். மற்றதெல்லாம் ஓரளவு, வார்த்தைப் பகுதி மட்டும் படுமோசம்.

க்ளாஸில் சார் எல்லோர் முன்னாலும்: "ஜெரோம் தூங்கிக்கிட்டே பாஸ் பண்ணிட்டான். நீங்கள்லாம் முழிச்சுக்கிட்டே தூங்குறீங்க." ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். மச்சான்தான் சத்தமாகக் கைதட்டினார்.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "விடு மாப்ள. ஒன் மிஷின் நல்ல மிஷின்தான். என் மண்டைதான் ஓட்டை."

குனிந்து பைக் செயினைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

மார்ச் 4, புதன்

யாரும் படிக்கப்போவதில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன்.

நான் செய்த மிஷின்: ஒரு சின்ன போர்டு, டைமர், தலையணைக்கு அடியில் வைக்கிற பட்டை ஸ்பீக்கர். படுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தானாக ஓடும். கம்ப்யூட்டர் பெண் குரல். ஜப்பான் வார்த்தை, ஒரு இடைவெளி, தமிழ் அர்த்தம். நெஜி, திருகாணி. அபுரா, எண்ணெய். கிகென், ஆபத்து.

சோதனை: முன்பு பார்த்தே இராத இருபது வார்த்தை. ஒரு வாரம் ஓடவிட்டேன். எட்டாம் நாள் காலை, பல்கூட விளக்காமல் எழுதிப் பார்த்தேன். தெரிந்தது பூஜ்யம். ஏற்கெனவே படித்த வார்த்தை என்றால் கொஞ்சம் ஒட்டுமோ என்னவோ. புதிது ஏறவே இல்லை.

பிறகு எப்படி பாஸ்? செம்பட்டி பஸ்ஸில், கம்பெனிக்குப் போக வர, நின்றுகொண்டே, நோட்டில். மதியம் கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் அரை மணி. இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல்.

வெளியே சொன்னது: "சும்மா படுத்துத் தூங்குறேன், தானா ஏறுது."

ஏன்? மனப்பாடம் செய்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மிஷின் செய்தவன் என்றால் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் காரணம். கேவலம்.

மச்சான் தனக்கும் ஒன்று கேட்டார். மறுத்தால் பொய் வெளியே வந்துவிடும். செய்து கொடுத்தேன். பேகம்பூர் பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டதும் நோட்டைத் திறந்து உட்கார்ந்துகொண்டிருந்த மனுஷன். ஸ்பீக்கர் வந்த அன்றோடு நோட்டை மூடிவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

இரண்டாம் நம்பர் மிஷினில் பேரிங் சத்தம். எழுதிக் கொடுத்தாயிற்று. எவனும் அசையவில்லை.

சாயங்காலம் அக்கா வீடு. மச்சான் இன்னும் வரவில்லை. அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ஏண்டா, அந்தப் பொம்பள ராத்திரி பூராம் பேசுறா. இவரு அடிச்சுப்போட்ட மாதிரி கெடக்காரு. நாந்தான் கேட்டுக்கிட்டு கெடக்கேன். கிகென்னா ஆபத்து. தெபுகுரோன்னா கையுறை. இன்னும் வேணுமா?"

சொல்லிக்கொண்டே போனாள். எண்ணினேன். முப்பத்தொன்று. உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம்.

"பேசாம என்னைய அனுப்பு ஜப்பானுக்கு. அங்கயாச்சும் தூங்குறேன்."

தூங்கினவருக்கு ஒன்றும் இல்லை, தூங்காதவளுக்கு முப்பத்தொன்று. இன்னும் செத்த நேரம் இருந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். காபி குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தவக்காலம். கறி இல்லை. மதியம் கத்திரிக்காய், அதுவும் வேகாதது.

சிலுவைப்பாதைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். வரிசையில் ஏழாவது ஆள். சொன்னவை: அம்மாவிடம் கத்தியது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. "வேற ஏதும் உண்டா?" என்றார் சாமியார். நாக்கு வரைக்கும் வந்தது. "இல்ல சாமி."

அங்கேயும் பொய்.

முடிந்ததும் மச்சான் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "மாப்ள, என் பேர அடிச்சிருங்கன்னு சார்ட்ட சொல்லிட்டேன். அடுத்த பரீட்சைக்கு வேற ஆளப் போட்டுக்கிறட்டும். இம்புட்டு நாள் காதுக்குள்ள ஊத்தியும் நிக்கலைன்னா, இது படிப்புக்கான மண்டையே இல்ல."

கோபமே இல்லை குரலில். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"செத்த பொறுங்க மச்சான்."

"எதுக்கு?"

ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 7, சனி

அரை நாள் வேலை. பேரிங் இன்னும் மாற்றவில்லை.

மச்சான் பேரைப் பற்றிக் கேட்க சாருக்கு போன். "இன்னும் அடிக்கல. திங்கக்கெழம காலைல பரீட்சை லிஸ்ட் போகுது. அவரே வேணாங்கிறப்ப நான் என்ன செய்ய? அத விடு. நாளைக்கு மூணு மணிக்குப் புது பேட்ச். ஒன் ஸ்பீக்கர எடுத்துக்கிட்டு வந்து பேசு."

"வாரேன் சார்" என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்கிறது. இன்னும் எத்தனை பேர் நோட்டை மூடப்போகிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து நேராக அக்கா வீடு. மச்சான் குழாயடியில் கோழி கழுவிக்கொண்டிருந்தார். உட்காராமல் சொன்னேன். மிஷின் வேலை செய்யாது. அது எனக்கு எட்டாம் நாளே தெரியும். நான் பஸ்ஸில் படித்தேன். அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மச்சான் கைலியில் கையைத் துடைத்தார். "அப்ப என் மண்டைல கோளாறு இல்லையா?"

"இல்ல மச்சான்."

"நெசமாவா?"

"நெசமா."

முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பதில் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். "ஏ ஸ்டெல்லா, கேட்டியா, எனக்கு ஒண்ணுமில்லையாம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்த மாதிரி. அப்படியே ஈரக் கையோடு சாருக்கு போன் போட்டார். பேரை அடிக்க வேண்டாம் என்று.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். சிரிப்பு இல்லை.

"ரிசல்ட்டு வந்த அன்னைக்கு அழுதாருடா. ஒன்ட்ட காட்டிருக்க மாட்டாரு. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு. அப்பவும் அந்தப் பொம்பள பேசிக்கிட்டுதான் இருந்தா. நிப்பாட்டவான்னு கேட்டேன். வேணாம், மாப்ள செஞ்சு குடுத்ததுன்னாரு."

மச்சான் "விடு, விடு" என்றார். எனக்கா அவளுக்கா தெரியவில்லை.

மணி இரண்டரை. க்ளாஸ் வாசல் படியில் இருக்கிறேன். உள்ளே பெஞ்ச் இழுக்கிற சத்தம். ஸ்பீக்கர் எடுத்து வரவில்லை, பஸ்ஸில் படித்த நோட்டு மட்டும்தான் கையில். மச்சானும் வருகிறாராம்.