ஒலிவம் பறித்த நாட்களின் வலி

என் வாயாடித் தங்கச்சிக்கு,

நீ துனிஸில் ஆபரேஷனுக்குப் படுத்திருப்பதை மறைத்து, கல்யாணத்துக்குப் போயிருக்கிறாய் என்று ஹம்மாமில் குளிக்க வந்த பெண்களிடம் புளுகிவிட்டேன். கல்யாண இனிப்பு பக்லாவா எங்கே என்கிறார்கள்.

உன் டாக்டர் ரௌதா நேற்று நம் ஊருக்கு வந்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் உனக்கு வெளியே ஏன் வளர்ந்தது, குடும்பத்தில் வழிவழியாக வருவதா என்று ஆராய என் ரத்தமும் வேண்டுமாம்.

"உங்களுக்கும் மாசாமாசம் இப்படி வலிச்சுதா?"

"பதினாலு வயசுலேர்ந்து, டாக்டரம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"இல்லம்மா."

ஒலிவ மரத்தடியில் நீ சுருண்டபோதெல்லாம், "வந்துட்டா நடிகை! எழுந்து பறிடி" என்று உன்னை எழுப்பியவள் நான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பறித்தேன்.

ரத்தம் கொடுத்து எழுந்ததும் தலை சுற்றி, ரத்தக் குப்பி வைத்திருந்த தட்டின்மேல் விழுந்தேன். குப்பி உடைந்தது. மற்ற கையிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்தார்.

உன் அக்கா