சுடாத கால்

குவீன்ஸ்டவுன்
சிங்கப்பூர், 26 அக்டோபர் 2025

அன்பு நண்பன் மணியத்துக்கு,

அங்கமுத்து எழுதுகிறேன். நம்ப மாட்டாய், இது என் சொந்தக் கையெழுத்து. எழுபத்திரண்டு வயதில் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். சமூக மன்றத்தில் ஆசிரியை சந்திரமதி வியாழன்தோறும் சொல்லிக்கொடுக்கிறார். இந்த நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. உட்லண்ட்ஸுக்கு நேரில் வந்தேன். உன் மருமகள் ரக்ஷனா கதவைப் பாதி திறந்து, "மாமா யாரையும் பார்க்க வேணாம்னு சொல்லிட்டாங்க, அங்கிள்" என்றாள்.

தீமிதி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. முப்பது வருஷமாகப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, சைனாடவுன் மாரியம்மன் கோயில் வரை சேர்ந்து நடந்து, ஒருவர் பின் ஒருவராகத் தீக்குழியில் இறங்கியிருக்கிறோம். இந்த வருஷம் உன் கால் வெந்துவிட்டது. என் கால் சிவக்கக்கூட இல்லை.

நம் பஜனைக் குழுவில் எனக்கு மாலை போட்டார்கள். அடுத்த வருஷம் நான்தான் முன்னால் நடக்க வேண்டுமாம், குழுவை நடத்தும் கபிலன் சொல்கிறான். என் கையால் திருநீறு கேட்கிறார்கள். உன்னைப் பற்றி, "மணியம் அங்கிள் விரதத்துல ஏதோ கோளாறு லா" என்று பேசுகிறார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

கால் எப்படி இருக்கிறது? இரண்டு வரியாவது எழுது.

உன் பழைய கூட்டாளி,
அங்கமுத்து


உட்லண்ட்ஸ்
2 நவம்பர் 2025

அங்கமுத்துவுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இந்த மூன்று வாரத்தில் சந்தோஷப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

புண் ஆறவில்லை. டாக்டர் சர்க்கரை என்கிறார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. விரத நாள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். தேக்கா சந்தையில் நாம் ஒருநாள் காய்கறி மீ நூடுல்ஸ் சாப்பிட்டோமே, அந்த மிளகாய்ச் சம்பலில் இறால் அரைத்த பெலாச்சான் கலந்திருந்ததா? கடைக்காரரிடம் யாராவது கேட்டோமா? வேறு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

கட்டு மாற்றும்போது ரக்ஷனா மெதுவாக, "மாமா, நெஜமாவே ஒண்ணும் சாப்பிடலையா?" என்றாள். என் வீட்டுப் பிள்ளையே கேட்டுவிட்டாள்.

விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். தாயே வேண்டாமென்று தள்ளிய பிறகு எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

சுப்பிரமணியம்


குவீன்ஸ்டவுன்
9 நவம்பர் 2025

மணியம்,

அந்தச் சம்பலில் பெலாச்சான் இல்லை. நான்தான் கேட்டேன். சைவத்துக்குத் தனியாக அரைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். உன் விரதத்தில் ஒரு குறையும் இல்லை.

விரதத்தை முறித்தவன் நான்.

தீமிதிக்கு ஒன்பது நாள் முன்னால், துறைமுகத்தில் என்னோடு சுமை தூக்கிய ஒருவன் வந்தான். பேரன் பிறந்திருக்கிறானாம். காப்பிக் கடையில் பீரும் கோழி இறக்கையும் வாங்கி வைத்தான். மாட்டேன் என்றேன். "ஒரு வாய்தானே லா, அம்மா கணக்குல வச்சுக்க மாட்டா" என்றான். மஞ்சள் காப்பைக் கைக்கடிகாரத்துக்கு அடியில் தள்ளி மறைத்துக்கொண்டேன். ஒரு வாய் இல்லை, மணியம். இரண்டு பாட்டில்.

விலகிக்கொண்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து குழியில் இறங்கினேன். கால் வெந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வேகவில்லை. மேலே ஏறியதும் மாலை விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆள்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், குனிந்து திருநீறு வாங்குகிறார்கள். அது பீரைவிட அதிகமாக ஏறுகிறது.

உன் கடிதத்தை நானே படித்தேன். முன்பு போல வேறு யாராவது படித்துக் காட்டியிருந்தால், கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். விளக்கை நிறுத்தியதாக நீ எழுதிய வரியில் என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

அங்கமுத்து


உட்லண்ட்ஸ்
14 நவம்பர் 2025

அங்கமுத்து,

இதை ஏன் என்னிடம் சொன்னாய்? ரகசியமாக என் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, மாலையோடு நீ நிம்மதியாகத் தூங்குவதற்கா?

மாலை போட்ட இடத்தில் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

சுப்பிரமணியம்


குவீன்ஸ்டவுன்
23 நவம்பர் 2025

மணியம்,

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு, குழு கூடும் டன்லப் ஸ்ட்ரீட் மாடியில் எல்லாரும் வந்திருந்தார்கள். வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று தாளில் எழுதிக்கொண்டு போனேன். டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. எழுந்து நின்று படித்தேன்.

கபிலன் ஓடி வந்து தோளைப் பிடித்தான். "அங்கிள், வயசாச்சு, எதையோ கொழப்பிக்கிறீங்க. உக்காருங்க லா" என்றான். உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில், ஆமாம், குழம்பிவிட்டேன் என்று சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. தாளைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன், எழுத்துக் கூட்டி.

"அப்ப உங்க கால் ஏன் சுடல?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுப்பா. அத வச்சு மணியத்தப் பேசாதீங்க" என்றேன்.

போன வாரம் என்னிடம் திருநீறு வாங்கியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இறங்கி வரும்போது யாரும் என்னோடு வரவில்லை. எம்ஆர்டி ரயிலில் தனியாகத்தான் வந்தேன். அடுத்த வருஷம் முன்னால் நடக்க வேறு ஆள் பார்க்கிறார்கள்.

இரண்டு நாளாகக் கோயில் வாசல்வரை போய், வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். உள்ளே போகலாமா என்று யாரிடம் கேட்பது?

அங்கமுத்து


உட்லண்ட்ஸ்
30 நவம்பர் 2025

அங்கமுத்துவுக்கு,

கபிலன் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து, ரக்ஷனா முன்னால் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, கட்டு மாற்றும் நேரம் ஆகாமலே என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நீ உள்ளே போ. வாசலில் நிற்கிறவனைக் கூப்பிட அவள் எழுந்து வரமாட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினேன். உண்மையாக இருந்தவனை ஏன் சுட்டாய் என்று அவளிடம் சத்தமாகவே கேட்டேன்.  அதைக் கேட்கவாவது எனக்கு வாய் வந்துவிட்டது.

உன்னோடு பேச இன்னும் வாய் வரவில்லை.

மணியம்