படகுத்துறைப் படியில் நான் அழவில்லை

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி இங்கே நலம். போனில் சொன்னால் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம்.

தீவைச் சுற்றிக்காட்ட உங்கள் சுற்றுலா வண்டியில் ஏற்றிப்போனதில் சந்தோஷம். அத்தனை வருஷம் குப்பை கொட்டிய ஊரை விருந்தாளி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். கோட்டையை எவன் கட்டினான், எவன் இடித்தான் என்று மைக்கில் நன்றாகவே சொன்னீர்கள். உப்புக் கிடங்கை அருங்காட்சியகமாக்கி, நாங்கள் சுமந்த கூடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தொடக்கூடாதாம். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பழைய படகுத்துறைப் படிக்கட்டில் இறக்கினீர்களே, அங்கேதான் வயிறு எரிந்தது. கப்பலேறிப் போன கணவனுக்காக ஒருத்தி தினமும் சாயங்காலம் இந்தப் படியில் அழுதுகொண்டே காத்திருந்தாள் என்றீர்கள். பக்கத்தில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அந்த ஒருத்தி நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் மகள் சொன்னதைத்தானே இப்படித் திரித்திருக்கிறீர்கள்?

நான் எங்கே காத்திருந்தேன்? நான் வெளியே போயிருந்த நேரம் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போன மனுஷன் அவர். யாரிடமாவது சாவியைக் கொடுத்தனுப்பினாரா என்று படகுக்காரர்களைக் கேட்க ஒரே ஒரு நாள் போனேன். இல்லை என்றார்கள். கல்லெடுத்துப் பூட்டை உடைத்தேன். மறுநாளே உப்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன், உங்கள் வீட்டுக்காரியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அழ நேரம் ஏது? அவர் திரும்பி வந்தபோது அந்தச் சாவி எதற்கும் சேரவில்லை.

அடுத்த தடவை மாற்றிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கோட்டை, கல்லறை, கலங்கரை விளக்கம் என்று காலையிலிருந்து வெயிலில் அலைந்தவர்களுக்கு அந்தப் படியில்தான் மனசு இளகுகிறது. பூட்டை உடைத்தாள் என்றால் சிரித்துவிடுவார்கள். உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிக்கவிட எனக்கு மனசு வரவில்லை. பெயர் சொல்வதில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது? இருந்தாலும் நீங்கள் சொன்னபின் இனிமேல் அதைச் சொல்ல மாட்டேன். இது வாக்கு.

என்றும் மரியாதையுடன்,
மாப்பிள்ளை

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

தைலம் வந்தது. வாக்குத்தான் வந்து சேரவில்லை.

சனிக்கிழமை உங்கள் மகளை வண்டியில் கூட்டிப்போயிருக்கிறீர்கள். நேற்று இங்கே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாட்டி, தாத்தாவுக்காக நீ படியில உக்காந்து தினமும் அழுதியாமே? பாவம் நீ" என்று என் கன்னத்தைத் தடவுகிறாள்.

"யாருடி சொன்னது?"

"அப்பாதான், மைக்குல. அது எங்க பாட்டிதான்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதினீர்களே!

பூட்டை உடைத்ததைச் சொன்னேன். நம்பவில்லை. "போ பாட்டி, அப்பா சொன்னதுதான் நல்லாருக்கு" என்று விளையாடப் போய்விட்டாள்.

என் கல்யாணத்தன்று முகத்தைத் தூக்கிவைத்திருந்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் உங்களையும் நிறுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன். பதில் எழுதுங்கள்.

மாமியார்

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. மகளைக் கேட்டால் "அவருக்கு இது சீசன்மா" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு எதிர்வீட்டு டெய்லரை விட்டுச் சீட்டு வாங்கியாயிற்று. முன்வரிசை. பக்கத்துச் சீட்டு உங்கள் மகளுக்கு. போன தடவை, ஊரார் முன்னால் மாப்பிள்ளை மரியாதை போகக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை வருவது மாமியார் இல்லை, காசு கொடுத்த பயணி. சந்தேகம் இருந்தால் எந்த இடத்திலும் நிறுத்திக் கேட்கலாம் என்று வண்டி கிளம்பும்போது நீங்கள்தானே சொல்கிறீர்கள்?

படியில் இறங்கும்போது எனக்குக் கை கொடுக்க வர வேண்டாம். மைக்கைக் கொடுத்தால் போதும்.