தக்கலையில் இறங்கிப் போன அப்பா எழுதுவது

அன்பு மகள் ஹரிதாவுக்கு,

தாணுமாலயன் புண்ணியத்தில் தேரூரில் நானும் உன் அம்மையும் சுகம், நீ அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருப்பது உன் அம்மை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பதினோரு மாதமாக என்னிடம் 'சாப்பிட்டாச்சா' என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. ஃபோனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று, உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வந்தவன் பாதி வழியில் தக்கலையில் காரை நிறுத்தி இறங்கி, வயலில் மடையை அடைத்தேனா என்று பார்க்க ஊருக்கு பஸ் ஏறினேனே, அதன் காரணம் இப்போதுதான் எனக்கே பிடிபட்டது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முழுசும் படி மக்கா.

இரண்டு மாதத்துக்கு முன் நம் ஊர் நூலகத்தில் மனநோய் வகைகளைப் பற்றி ஒரு கூட்டம். பேச வந்தவர் ஜெனிலா என்று ஒரு டாக்டர், உன் வயதுதான் இருக்கும். ரசவடை உண்டு என்று உன் மாமா ஸ்ரீகுமார் கூப்பிட்டதால் உன் அம்மையையும் கூட்டிக்கொண்டு போனேன், மறைப்பானேன். காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் விடாது, அது பதற்ற நோய் என்றதும் கூட்டமே உன் அம்மையைத் திரும்பிப் பார்த்தது. எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடப்பது மனச்சோர்வு. சில காலம் மலையைப் புரட்டும் உற்சாகம், பிறகு எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மாறி மாறி வருவது இருமுனை நோய். "இது நம்ம ஸ்ரீகுமாருக்குல்லா" என்று நான் சத்தமாகச் சொல்ல, அவன் கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டான். இல்லாத குரல் காதில் கேட்பதும், எல்லாரும் தனக்கு எதிரி என்று நம்புவதும் மனச்சிதைவாம். ஆளாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு நோயைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சிரித்துவிட்டு, பயமும் சோகமும் எல்லோருக்கும் உள்ளதுதான், அன்றாடப் பிழைப்பையே கெடுத்து, விடாமல் நின்றால்தான் நோய், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் காதைத் திருகினார்.

பிறகு வந்தது என் பங்கு. பூட்டினதையும் அடைத்ததையும் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லும், கண் பார்த்ததை மனசு நம்பாது, இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள், இத்தனை வருஷத்தில் சபையில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. ஏட்டி ஹரிதா, ஒரு மடைக்கு ஒன்பது தடவை நான் வரப்பில் நடந்ததை ஊரே மெச்சியதே! நீ போன அன்றுகூட, "மகளை அனுப்பப் போனவரு மடையைப் பாக்கத் திரும்பி வந்திருக்காரு பாத்தியளா, இவருல்லா வெள்ளாமைக்காரன்" என்றார்கள், புத்திகெட்டவன் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மடை அடைத்தபடியேதான் இருந்தது. அதைத்தான் ஸ்ரீகுமாரும் நேரில் பார்த்து ஃபோனில் சத்தியம் பண்ணியிருந்தான். "அப்பாக்கு நான் பெருசா, மடை பெருசா" என்று நீ அழுதுகொண்டு கேட்டாயே, நீதான் மக்கா பெரிசு. அது தெரிந்தும் என்னால் காரில் உட்கார முடியவில்லை, அதுதான் நோய்.

இப்போது நாகர்கோவிலில் அந்த டாக்டரிடமே போகிறேன். ஒரு மாத்திரை, கூடவே ஒரு வீட்டுப்பாடம்: ஒரு தடவை அடைக்க வேண்டும், ஒரு தடவை பார்க்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது, உன் அம்மை பள்ளிக்கூட வாத்திச்சி மாதிரி வரப்பை மறித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது இப்போது மூன்றுக்கு வந்திருக்கிறது. பைத்தியத்துக்கு மருந்து தின்கிறார் என்று ஒருத்தன் சொன்னானாம், சுகருக்குத் தின்கிறவனை அவன் கேட்டானா? உனக்கும் அங்கே தூக்கம் கெட்டு மனசு சோர்ந்து நாள் போனால் வெட்கப்படாமல் டாக்டரைப் பார். தலைக்கு எண்ணெய் வை.

பொங்கலுக்கு வருகிறாயாமே, டிக்கெட் தேதியை அம்மையிடம் சொல்லாதே, என்னிடம் சொல். எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னைக் கூப்பிடத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் வருவேன். வழியில் சந்தேகம் வரும், தக்கலையில் கண்டிப்பாக வரும். வரட்டும், வயலே முங்கினாலும் முங்கட்டும், நான் காரை விட்டு இறங்க மாட்டேன்.

உன் அப்பா,
பகவதியப்பன்