நாளைக்குப் போட வேண்டிய மாத்திரை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பேசி முடிவெடுத்தபடியே கிளினிக்குக்குப் போய், கருவைக் கலைக்கும் முதல் மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரே விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து சலவைக்கூடத்தில் போர்வை மடித்தேன். மிச்ச மாத்திரைகளை நாளைக்குக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டுமாம். "வயிறு நல்லா இழுத்துப் பிடிக்கும், கட்டி கட்டியா ரத்தம் போகும், பயப்படாதீங்க. ஒரு மணி நேரத்துல ரெண்டு பேடு நனைஞ்சு, அடுத்த மணியும் அப்படியே போனாலோ, காய்ச்சல் விடாம அடிச்சாலோ உடனே வந்துடுங்க" என்றார். அதில் 'பயப்படாதீங்க' மட்டும் எனக்கு மறந்துபோய்விட்டது.

விடுதியில் எனக்கும் இரவு ஷிப்டில் வேலை பார்க்கிறவளுக்கும் ஒரே கட்டில், மாற்றி மாற்றித்தான் தூக்கம். "நாளைக்குக் கட்டில் முழுக்க உனக்குத்தான். நான் லீவு போட்டுட்டுத் தரையில கிடக்கிறேன்" என்கிறாள். சரியான வாயாடி. அவள் பேசும்போதுதான் என் பயம் கொஞ்சம் வாய் மூடுகிறது.

பாப்பாவைக் காகிதத்தில் நிற்க வைத்துப் பாதத்தை வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கத்தான்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அளவுக்கு ஒரு பாதம் போதும். இரண்டையும் வரையுங்கள்.